இன்று என்ன இருக்கிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு சாப்பாட்டு மேசையைப் பற்றி. அரண்மனை மேசை அல்ல, நட்சத்திர ஓட்டல் மேசையும் அல்ல. இத்தாலி நாட்டில், பொலோனியா நகரில், தூண்கள் தாங்கிய நடைபாதை ஒன்றின் ஓரத்தில், ஒரு குடும்பம் நடத்தும் சிறிய உணவகத்தில் கிடந்த மர மேசை. அதன்மேல் துணிகூட இல்லை, காகிதம்தான் விரித்திருந்தார்கள். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பொலோனியாவுக்கு நான் ஏன் போனேன்? அங்கே 1964 முதல் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் சிறுவர் நூல் கண்காட்சி நடக்கிறது. உலகெங்கிலுமிருந்து பதிப்பாளர்களும் ஓவியர்களும் கூடுவார்கள். ஓவிய நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். முதல் நாள் இரவு, பெரிய சதுக்கத்தின் அருகே ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். வாசலில் ஐந்து மொழிகளில் பட்டியல். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் வண்ணப்படம். உள்ளே அறுபது வகை உணவு கிடைக்கும் என்றார்கள். பத்தே நிமிடத்தில் தட்டு வந்தது. சூடு இருந்தது, காரம் இருந்தது, உப்பு இருந்தது. ஆனால் அது எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதியம், கண்காட்சியில் பழக்கமான உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் எங்களைக் கையோடு அழைத்துப்போனார். பெயர்ப்பலகை வெளிறிப்போன ஒரு கதவு. உள்ளே ஒன்பது மேசைகள். கல்லாவில் தந்தை. பரிமாறுவது மகன். சமையலறைத் திறப்பின் வழியே, மாவு படிந்த பெரிய பலகையின் முன்னால் நிற்கும் தாய் தெரிந்தார். நாங்கள் உட்கார்ந்தோம். பட்டியலைக் கேட்டோம். மகன் புன்னகைத்தார், பட்டியல் இல்லை என்றார். எங்களை அழைத்துப்போன அம்மையார் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "கோசா சே ஓஜ்ஜி?"

அதாவது, இன்று என்ன இருக்கிறது?

நண்பர்களே, ஓட்டலில் நாம் வழக்கமாக என்ன கேட்கிறோம்? எனக்கு இது வேண்டும், எனக்கு அது கொண்டுவா என்கிறோம். இந்தக் கேள்வி வேறு வகை. பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழையும் பிள்ளை சமையற்கட்டை எட்டிப்பார்த்துக் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே நீங்கள் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து இறங்கி அந்த வீட்டுக்குள் போய்விடுகிறீர்கள்.

மகன் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். இன்று தாலியத்தெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தா இருக்கிறது, ரகூ என்ற இறைச்சிக் குழம்போடு. கீரையும் ரிக்கொத்தா என்ற பாலாடைக் கட்டியும் வைத்து மடித்த தொர்த்தெல்லோனி இருக்கிறது, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு. அதற்குப் பிறகு முயல் கறி. தொட்டுக்கொள்ள வதக்கிய கீரை. அவ்வளவுதான். இறைச்சியைப் பொடியாக்கி உள்ளே வைத்து மடித்து, கோழிச் சாற்றில் மிதக்கவிடும் தொர்த்தெல்லீனி பொலோனியாவின் பெருமை அல்லவா, அது இல்லையா என்று கேட்டேன். காலையில் மடித்தது தீர்ந்துவிட்டது என்றார்.

தீர்ந்துவிட்டது! எவ்வளவு நேர்மையான சொல்! முந்தைய இரவு அறுபது வகை வைத்திருந்த இடத்தில் எதுவுமே தீரவில்லை. ஏன் தீரவில்லை? உறைபெட்டியிலிருந்து எடுத்துத் தந்துகொண்டே இருக்கலாம். இங்கே ஒரு பெண்மணியின் பத்து விரல்கள் விடியற்காலையில் மடித்தது எவ்வளவோ அவ்வளவுதான் உண்டு. அந்த விரல்கள் ஓய்ந்தால் அன்றைக்கு அந்தப் பதார்த்தம் முடிந்தது.

என் நண்பர் ஸ்பகெத்தி கேட்டார். "இறைச்சிக் குழம்பு இருக்கிறது, அதையே ஸ்பகெத்தியில் ஊற்றித் தரலாமே?" உலகத்தின் பாதி ஓட்டல்களில் 'ஸ்பகெத்தி போலோனீஸ்' என்று விற்கிறார்களே, அதைத்தான் கேட்டார். மகன் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் தர மாட்டேன் என்றார். காரணமும் சொன்னார்.

அந்தக் காரணத்தைக் கேளுங்கள். ஸ்பகெத்தி தெற்கு இத்தாலியின் கடினக் கோதுமையில் செய்து உலர்த்தியது, வழுவழுப்பானது, உருண்டையானது. கனத்த ரகூ அதில் ஒட்டாமல் வழுக்கித் தட்டின் அடியில் போய்த் தங்கும். தாலியத்தெல்லே அப்படியல்ல. மென்மையான கோதுமை மாவு, 100 கிராமுக்கு ஒரு முட்டை. தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. பிசைந்து, சற்று ஆறப்போட்டு, நம் சப்பாத்திக் கட்டையைப் போல் பல மடங்கு நீளமான மரக் கட்டையால் மரப்பலகையின் மேல் தேய்த்துத் தேய்த்துப் பெரிய வட்டத் தகடாக விரிக்கிறார்கள். அந்தத் தகட்டுக்கு ஸ்ஃபோலியா என்று பெயர். விரிப்பவர் ஸ்ஃபோலீனா. மரத்தோடு மரம் உராய்வதால் மாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகிறது. அந்தச் சொரசொரப்பில்தான் ரகூ பற்றிக்கொள்கிறது. இயந்திர உருளையில் அழுத்திய மாவுக்கு இது அமையாது.

பொலோனியாவின் மலைமேல் சான் லூக்கா என்ற கோவில் இருக்கிறது. விரித்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் ஊடாகச் சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அந்த ஊர் ஸ்ஃபோலீனாக்களின் வழக்கு. அத்தனை மெல்லியது! அந்தத் தாய் விரித்த மாவின் வழியே கோவில் தெரிந்ததோ என்னவோ, எதிர்ச் சுவரின் சன்னல் வெளிச்சம் தெரிந்ததை நான் பார்த்தேன்.

இன்னொரு செய்தி சொல்கிறேன். இந்தத் தாலியத்தெல்லே எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? 1972-ஆம் ஆண்டு இத்தாலியச் சமையல் அகாதமி அதைப் பொலோனியா வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தது. வெந்த பின் 8 மில்லிமீட்டர். அந்த ஊரின் அடையாளமான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தை 12,270 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு! பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, 97 மீட்டர் உயரமுள்ள கோபுரம் அது. அந்த அளவுக்குத் தங்கத்தில் ஒரு தாலியத்தெல்லா செய்து வணிகச் சபையில் வைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1982-இல் ரகூவின் செய்முறையையும் பதிவு செய்தார்கள். மாட்டிறைச்சி, பன்சேத்தா என்ற பன்றி வயிற்றிறைச்சி, கேரட், செலரி, வெங்காயம், தக்காளி, திராட்சை ரசம், பால். தக்காளி கொஞ்சம்தான், இறைச்சிதான் முதன்மை. சிறு தீயில் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும்.

ஒரு குழம்பைப் பத்திரப்பதிவு செய்வதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. தன் சாப்பாட்டை ஊரின் சொத்தாக மதிக்கிறவர்கள் செய்யும் காரியம் அது. ஆனால் அந்தத் தாயிடம், உங்கள் ரகூ பதிவு செய்த ரகூதானா என்று மகன் வழியாகக் கேட்டோம். சமையலறையிலிருந்து பதில் வந்தது: "பதிவுச் சீட்டு அவர்களிடம் இருக்கட்டும். நான் போடுவது என் மாமியார் போட்டது. கோழி ஈரல் கொஞ்சம் சேர்ப்போம்." இரண்டும் வேண்டும், நண்பர்களே. ஊர் காக்கும் அளவும் வேண்டும். வீடு காக்கும் கைமணமும் வேண்டும்.

தட்டு வந்தது. அதன் சுவையைச் சொல்ல நான் திணறுவேன். தாலியத்தெல்லே பற்களுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகு இணங்கியது. ரகூ ஒவ்வொரு இழையிலும் பூசினாற்போல இருந்தது. சாப்பிட்டு முடித்தபோது தட்டின் அடியில் மிச்சம் ஒரு கரண்டிகூட இல்லை. இருந்த கொஞ்சத்தையும் ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டேன். அதற்கு அங்கே ஸ்கார்ப்பெத்தா என்று பெயர். சின்னச் செருப்பு என்று பொருள். மரியாதை பார்க்கும் இடங்களில் அதைச் செய்யத் தயங்குவார்கள். இங்கே கல்லாவில் இருந்த தந்தை அதைப் பார்த்து எனக்குத் தலையசைத்தார்.

புலால் உண்ணாதவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கீரைத் தொர்த்தெல்லோனியை நீங்கள் சாப்பிடலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக் கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே உறையவைக்கிறார்கள். உண்பதும் விடுப்பதும் உங்கள் விருப்பம், தெரிந்து முடிவெடுங்கள். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் அந்த மாவையே தவிர்க்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட உணவகத்துக்கு இத்தாலியில் த்ரத்தோரியா என்று பெயர். வேர்ச்சொல்லின் பொருள் என்ன தெரியுமா? ஒருவரை நடத்துவது, பேணுவது. நம் தமிழைப் பாருங்கள்! உணவகத்தை நடத்துகிறார்கள் என்கிறோம். விருந்தாளியை நன்றாக நடத்தினார்கள் என்றும் சொல்கிறோம். ஒரே சொல்தான் இரண்டுக்கும். த்ரத்தோரியாவில் அந்த இரண்டும் ஒரே வேலை.

ரோம் நகருக்கு உங்களை ஒரு நடை அழைத்துப்போகிறேன். அங்கே தெஸ்தாச்சோ என்று ஒரு பழைய தொழிலாளர் பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நகரத்தின் பெரிய இறைச்சிக் கூடத்தைக் கட்டினார்கள். 1975 வரை அது இயங்கியது. நல்ல இறைச்சி பணக்காரர் வீட்டுக்கும் மடத்துக்கும் படைக்கும் போகும். தோலுரிக்கும் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்காகக் கிடைத்தது என்ன? வால், குடல், ஈரல், இரைப்பை. நான்கு கால்பங்கும் போக மிஞ்சியது என்பதால் அதற்கு ஐந்தாம் கால்பங்கு என்றே பெயர் வைத்தார்கள். அந்தத் தொழிலாளி தன் பங்கை எடுத்துக்கொண்டு எங்கே போவார்? எதிரே இருந்த குடும்ப உணவகத்துக்குப் போவார். இதைச் சமைத்துக்கொடு தாயே என்பார்.

அங்கே 1887-இல் தொடங்கிய கெக்கீனோ என்ற உணவகம் அதே குடும்பத்தின் கையில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. செலரித் தண்டும் தக்காளியும் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கும் மாட்டுவால் குழம்பு, கோதா அல்லா வக்சினாரா, அந்த அடுப்பில் பிறந்ததென்று ரோம் மக்கள் சொல்கிறார்கள். யாருடைய பதார்த்தம் அது? கூலிக்காரனுக்குக் கிடைத்த வாலையும், அதைத் தூக்கியெறியாத ஒரு பெண்ணின் கையையும் தவிர வேறு மூலதனம் அதற்கு உண்டா? இன்று உலகத்தின் பெரிய ஓட்டல்களில் அதைப் பரிமாறுகிறார்கள்.

ரோம் என்றதும் நம் பக்கத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே த்ரத்தோரியாக்களில் காச்சோ ஏ பேப்பே என்று ஒரு பாஸ்தா. ஆட்டுப்பால் பாலாடைக் கட்டி, மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். மூன்றே பொருள். அந்த மிளகு ரோமுக்கு முதன்முதலில் பெருவாரியாகப் போனது எங்கிருந்து? சேர நாட்டு முசிறியிலிருந்து. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. ரோம் நகரின் நடுவே மிளகுக்கென்றே பேரரசர் தொமிசியன் கிடங்கு கட்டினார். அந்தத் தட்டில் மிளகின் காரம் நாக்கில் ஏறியபோது எனக்குச் சிலிர்த்தது.

அடுத்து, ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். அமாத்ரீச்சே என்பது மலைமேல் இருக்கும் சின்ன ஊர். ரோமின் புகழ்பெற்ற அமாத்ரிச்சானா பாஸ்தாவுக்குப் பெயர் தந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக ரோமுக்கு வந்து சமையல் வேலை பார்த்தார்கள், உணவகம் வைத்தார்கள். 2016 ஆகஸ்ட் 24, விடியற்காலை. நிலம் நடுங்கியது. ஊர் சரிந்தது. அந்தப் பகுதி முழுவதிலும் ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். அந்த வார இறுதியில்தான் ஊரில் அமாத்ரிச்சானா திருவிழா நடக்க இருந்தது. அப்போது இத்தாலியின் உணவகங்கள் என்ன செய்தன? அமாத்ரிச்சானா ஒரு தட்டுக்கு இரண்டு யூரோ என்று ஒதுக்கின. சாப்பிடுபவர் ஒன்று, கடைக்காரர் ஒன்று. வெளிநாட்டு உணவகங்களும் சேர்ந்துகொண்டன. இடிந்த ஊருக்காக ஊர் ஊராக அந்த ஊரின் சாப்பாட்டையே சமைத்தார்கள்.

இத்தகைய உணவகங்களுக்கு ஆபத்து வராமல் இல்லை. 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. கார்லோ பெத்ரீனி என்பவரும் அவருடைய தோழர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கல்லெறிந்தார்களா? இல்லை. கிண்ணம் கிண்ணமாகப் பென்னே பாஸ்தா பரிமாறினார்கள். அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்லோ ஃபுட் இயக்கம். 1989-இல் பாரிசில் அதன் அறிக்கை வெளியானது. 1990-இல் 'இத்தாலியின் ஒஸ்தெரியாக்கள்' என்ற கையேட்டை வெளியிட்டார்கள். நாடெங்கும் ஒஸ்தெரியா எனப்படும் சிறிய, குடும்ப உணவகங்களைத் தேடிப்போய்ச் சாப்பிட்டு எழுதிய நூல். இன்றும் ஆண்டுதோறும் வருகிறது.

2025 டிசம்பரில் நம் டெல்லியில், செங்கோட்டையில், யுனெஸ்கோ குழு கூடியது. நம் தீபாவளியைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த அதே அமர்வில் இத்தாலியச் சமையலையும் சேர்த்தார்கள். தனியாக ஒரு பதார்த்தத்தைச் சேர்க்கவில்லை. சமைப்பதையும், சேர்ந்து உட்கார்ந்து உண்பதையும், அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்து மதித்தார்கள்.

ஆனால், நண்பர்களே, பட்டியலில் இடம்பெற்றால் கட்டை பிடிக்கும் கை தானாக வந்துவிடுமா? அந்த மதியம் மகனிடம் கேட்டேன்: அம்மாவுக்குப் பிறகு மாவை விரிப்பது யார்? அவர் உடனே பதில் சொல்லவில்லை. தனக்குத் தெரியும், ஆனால் அம்மாவின் வேகம் இல்லை என்றார். தங்கை வேறு நகரத்தில் வேலை பார்க்கிறார். வாடகை கூடிக்கொண்டே போகிறது. பக்கத்துக் கட்டடத்தைச் சுற்றுலா விடுதியாக்கிவிட்டார்கள். அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். இந்த இடத்தில் எனக்கு மனம் கனத்தது. இன்றும் கனக்கிறது.

குடும்ப உணவகத்தின் இந்தத் தவிப்பை உணர, 1996-இல் வந்த 'பிக் நைட்' என்ற அமெரிக்கப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இத்தாலியிலிருந்து போய் நியூ ஜெர்சியில் உணவகம் வைத்த அண்ணன் தம்பியின் கதை. அண்ணன் பெயர் ப்ரீமோ, தம்பி பெயர் செகோந்தோ. இத்தாலிய விருந்தின் முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் அதே பெயர்தான். ஓர் அம்மாள் வந்து ரிசொத்தோ என்ற சோற்றுப் பதார்த்தத்துக்குத் துணையாக ஸ்பகெத்தி கேட்பாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறா என்று அண்ணன் துடித்துப்போவான். வியாபாரம் விழுகிறது. சகோதரர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கடைசிக் காட்சியில் விடிகிறது. தம்பி பேசாமல் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து, தட்டுகளில் பங்கு வைக்கிறான். அண்ணன் வருகிறான். அவனுக்கும் வைக்கிறான். தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஏறக்குறைய வசனமே இல்லை. ஒரு குடும்பம் அடுப்பைச் சுற்றி எப்படி உடைகிறது, எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

மறுபடியும் பொலோனியாவுக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டோம். காபி வந்தது, பால் கலக்காத, இரண்டு மிடறுக் காபி. பில் மட்டும் வரவில்லை. அரை மணி ஆயிற்று. கவனிக்கவில்லையோ என்று நண்பர் நெளிந்தார். எங்களை அழைத்துவந்த அம்மையார் விளக்கினார். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது, எழுந்து போ என்று சொல்வதைப் போல. நீங்கள் கேட்கும்வரை அந்த மேசை உங்களுடையது. கேட்டோம். தலைக்கு இரண்டு யூரோ கொப்பெர்த்தோ என்று போட்டிருந்தது. ரொட்டிக்கும் மேசைக்கும் உரிய தொகை அது. வெளியூர்க்காரர்கள் சிலர் அதை ஏமாற்று என்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்று அல்ல, இத்தாலியின் பெரும்பகுதியில் பழைய வழக்கம். பட்டியல் உள்ள இடங்களில் தொகை அதிலேயே எழுதியிருக்கும்.

நாங்கள் எழுந்தபோது மணி மூன்றை நெருங்கிவிட்டது. மற்ற மேசைகள் காலி. சமையலறையை ஒட்டிய மேசையில் தாய் வந்து உட்கார்ந்தார். ஏப்ரனில் மாவு அப்படியே இருந்தது. தந்தை கல்லாவை விட்டு வந்தார். மகன் மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அதே தாலியத்தெல்லே. அதே ரகூ. எங்களுக்கு வைத்ததைத்தான் அவர்களும் சாப்பிட்டார்கள்.

இந்த அவையில் இருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் படிப்புக்கும் வேலைக்கும் ஐரோப்பாவுக்குப் போவீர்கள். இத்தாலிக்குப் போனால் படம் போட்ட பட்டியல் தொங்கும் வாசலைத் தாண்டி இரண்டு தெரு நடங்கள். ஒன்பது மேசை உள்ள இடத்தைத் தேடுங்கள். உட்கார்ந்ததும் தொலைபேசியில் பார்த்த பதார்த்தத்தைக் கேட்காதீர்கள். இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கோசா சே ஓஜ்ஜி?" அவர்கள் சொல்வதைச் சாப்பிடுங்கள். புறப்படும்போது சமையலறைப் பக்கம் திரும்பி, மாவு விரித்த அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். "க்ராத்சியே, சிஞ்ஞோரா" என்றால் அவருக்குப் புரியும்.